தக்காளிப் பாத்தி நாட்குறிப்பு

நவம்பர் 27
வளர்பிறையில் நட்டால் நாற்று துளிர்க்கும் என்பார்கள். பிறையைவிட வெயில் முக்கியம்: மாலை நாலு மணிக்கு மேல்தான் நடவு. பி.கே.எம்.1 என்ற தக்காளி ரகம், 25 நாள் நாற்று. பாருக்குப் பார் (மண் அணைத்த மேட்டு வரிசை) 60 செ.மீ., செடிக்குச் செடி 45. கீழிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைக் கொஞ்சம் ஆழமாகவே புதைத்தாயிற்று. மண்ணுக்குள் போகும் தண்டிலும் வேர் விடும்.

நவம்பர் 28
செண்டுமல்லி. 16 பார் தக்காளிக்கு 1 பார். அதன் நாற்றுக்கு மட்டும் வயது 45 நாள் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். வாசனைக்குப் பூச்சி ஓடிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. நடப்பது நேரெதிர்: காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டைத் தேடி வந்து முட்டையிடும். புழு விழுந்த பூக்களை உடனுக்குடன் பறித்து அழிக்காவிட்டால் நாமே புழு வளர்க்கிறோம். மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவை அடக்கவும் ஓரத்தில் நாலு செண்டுமல்லி போதாது. தக்காளிக்கு முந்தைய பட்டத்தில் அதே பாத்தி முழுக்க வளர்ந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 9
மழை. வடிகால் திறந்தாச்சு.

டிசம்பர் 16
ஒரு செடி உச்சிவெயிலில் தொங்கிவிட்டது. இலை பச்சையாகவே இருக்கிறது, மஞ்சள் துளிகூட இல்லை. அதுதான் கலக்கம். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி ஆடாமல் நிறுத்தினேன். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளை நூல் இறங்கியது. பாக்டீரியா வாடல். ஒரு மருந்தும் அந்தச் செடியைத் திருப்பாது. வேர்மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்தினேன்; அந்தப் பாரின் தண்ணீர் அடுத்ததில் பாயாமல் அணை போட்டாயிற்று. கத்தரி, மிளகாய், உருளை எதுவும் அடுத்து அங்கே ஆகாது. சோளமோ நெல்லோ.

வரப்போரத்து மணத்தக்காளியையும் பிடுங்க வேண்டும். கீரைக்கு அருமை, ஆனால் இதே கிருமி அதிலும் தங்கும்.

டிசம்பர் 17
பக்கத்துச் செடிகள் நிமிர்ந்தே நிற்கின்றன.

ஜனவரி 6
பூ! ஐந்து மகரந்தப்பைகளும் ஒட்டிக் கூம்பாக நிற்கின்றன. தூள் உள்ளே உதிர்ந்து நுனி வழியாகத்தான் வரும். தேனீக்கு அதை உதிர்க்கத் தெரியாது. கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு ரீங்கரிக்கும், அந்த அதிர்வில் தூள் கொட்டும். வண்டு வராத மாடித்தோட்டத்தில் காலை பத்து மணிவாக்கில் செடியைக் கட்டிய குச்சியைத் தட்டிவிட்டால் போதும். இரவுச் சூடு 24 டிகிரி தாண்டினால் தட்டியும் பலனில்லை, பூ கொட்டும்.

ஜனவரி 18
தை அமாவாசை. பல வீடுகளில் இன்று தக்காளி அடுப்பேறாது. கடல்தாண்டி வந்த காய் திதிச் சமையலில் சேராது. ஆண்டிஸ் மலைப்பக்கத்துச் செடி, நம் ரசத்தில் குடியேறியும் படையலில் இன்னும் விருந்தாளிதான். வயலில் மட்டும் முழு உரிமை: சுண்ணாம்பு அடித்துக் கரும்புள்ளி வைத்த திருஷ்டிப்பானை இதற்கும் உண்டு.

ஜனவரி 25
காயின் அடியில் கறுத்த பள்ளம். பூச்சியில்லை. காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது. சீரான ஈரமும், மண்மேல் சருகு பரப்பிய மூடாக்கும் போதும்.

பிப்ரவரி 3
மறுபடி ஒரு வாடல், ஐந்தாவது பார். தம்ளரில் நூல் இறங்கவில்லை. கீழிலை ஒருபக்கமாக மஞ்சள், தண்டைப் பிளந்தால் பழுப்புக் கோடு. ஃபுசேரியம் பூஞ்சை. ஏக்கருக்கு டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) 1 கிலோ, 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து நாளைக் காலை மற்ற செடிகளின் வேரடிக்கு.