டிகாக்‌ஷன் இறங்கும் வரை

கும்பகோணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுக்களையில் சில வருஷம் வேலை பார்த்தேன். பின்கதவைத் திறந்தால் வாய்க்கால். ஆடி பிறந்துவிட்டால் மேல்காற்று அந்த வழியாக நேரே அடுப்புக்கு வந்து பைலட்டை அணைத்துவிடும். காற்று ஓய்ந்த மாதங்களில் பால் பொங்கி வழிந்து அணைக்கும். டிகிரி காபி ஊரில் பால் பொங்காத நாள் ஏது?

பர்னர் ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவு எரிந்துகொண்டே இருக்குமே, அதுதான் பைலட். குமிழைத் திருகினால் பெரிய பர்னர் அதிலிருந்து பற்றிக்கொள்ளும். பைலட் அணைந்தால் கேஸும் தானாக நின்றுவிடும் அடுப்புகள் உண்டு. எங்களுடையது அப்படியில்லை.

சேர்ந்த புதிதில், காலை டிபன் நெரிசலில், அணைந்திருப்பதைப் பார்த்ததும் லைட்டரை நீட்டினேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். முன்கை முடியும் பாதிப் புருவமும் போயின. மாஸ்டர் திட்டவில்லை.

"வாசம் வந்துச்சா தம்பி?"

"இல்லீங்க மாஸ்டர்."

"குனிஞ்சு பாத்தியா?"

சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். தரையோரமும் சாக்கடைப் பள்ளத்திலும்தான் தங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிவிடும். கசிவு தெரியத்தான் அதில் கெட்ட வாடை சேர்க்கிறார்கள். ஆனால் பெருங்காயம் தாளிக்கிற இடத்தில் நின்றவாக்கில் மூக்கை நம்ப முடியுமா?

அன்றிலிருந்து மாஸ்டர் முறைதான். எல்லாக் குமிழையும் மூடி, வெளியே இருக்கும் 19 கிலோ சிலிண்டரையும் மூட வேண்டும். பக்கத்து அடுப்புகளும் அதோடு அணைந்துவிடும், அணையட்டும். கதவு, ஜன்னல் திறக்கணும். எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் ஓடட்டும், நின்றால் நிற்கட்டும். அப்புறம் டிகாக்‌ஷன் இறங்கும் நேரம் காத்திருந்து, குனிந்து முகர்ந்து பார்க்கணும். வாடை இருந்தால் பற்றவைக்கிற பேச்சே இல்லை. எல்லாரும் வெளியே போய், அங்கிருந்து கேஸ் கசிவு அவசர எண் 1906-க்குப் போன்.

வாடை இல்லையென்றால் சிலிண்டரைத் திறந்து, முகத்தை ஒதுக்கி, நீளக் குச்சியின் தீயை முதலில் பைலட் அருகே கொண்டுபோய், அதன் பிறகே பைலட் குமிழைத் திறப்போம். தீ நீலமாக நிற்கணும். மஞ்சளாகத் துடித்தால் துளையில் பால் காய்ந்து அடைத்திருக்கும். மூடிவிட்டு மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புவோம்.

கல்லாவிலிருந்து முதலாளி குரல் வரும்: "இன்னும் அடுப்பு எரியலையா?"

மாஸ்டர் திரும்பாமலே சொல்வார்: "டிகாக்‌ஷன் இறங்கட்டும்ங்க."