போருக்கு மூன்று மணி நேரம், சங்கத்துக்கு நான்கு நிமிடம்

2 பிப்ரவரி 2024

1963ஆம் ஆண்டு இதே நாளின் அதிகாலையில் சிங்கப்பூரில் இடதுசாரிகளைக் குறிவைத்துத் தொடங்கிய கோல்ட்ஸ்டோர் என்ற கைது நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களில் ஜேம்ஸ் புதுச்சேரி, சாண்ட்ரா உட்ஹல் ஆகிய இருவரைப் பற்றியும் இன்று மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரி, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா போர்முனைவரை போய்த் திரும்பியவர். 1954இல் பல்கலைக்கழக சோஷலிஸ்ட் மன்றத்தின் 'ஃபஜார்' இதழில் வந்த தலையங்கத்துக்காக அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்ட எட்டு மாணவர்களில் அவரும் ஒருவர். அந்த வழக்கில் மாணவர்களுக்காக வாதாடிய டி. என். பிரிட்டுக்குத் துணை வழக்கறிஞராக இருந்தவர் பின்னாளில் பிரதமரான லீ குவான் இயூ. 1956இல் புதுச்சேரியும் உட்ஹலும் சிறைக்குப் போனார்கள். 1959 தேர்தலில் லீயின் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐ வென்றபோது, இவர்கள் உள்ளிட்ட எட்டுப் பேரை விடுவித்தால்தான் பதவியேற்பேன் என்று லீ நிபந்தனை விதித்தார். அதற்குப் பின் நான்கு ஆண்டுகள்கூட முடியவில்லை, இருவரும் மறுபடியும் உள்ளே.

இதை இப்போது வாசிக்கக் காரணம் உண்டு. உட்ஹல் செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். வாய்மொழி வரலாற்றுப் பதிவுக்காக நாங்கள் அடுத்த வாரம் நேர்காணல் செய்யவிருக்கும் பெரியவர் அதே தளத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். தொண்ணூறைத் தாண்டிவிட்டார். கேள்விகளைத் தயாரிக்கும்போது போரை முன்னாலும் சங்கத்தைப் பின்னாலும் வைத்தேன்.

6 பிப்ரவரி

தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை மதியம் முழுவதும் கேட்டேன். இந்தப் பணி 1979இல் தொடங்கியது. ஜப்பானிய ஆட்சிக்காலம் குறித்த தனித் திட்டம் 1981இல் வந்தது. ஒவ்வொருவரின் பேச்சும் ஏறக்குறைய அரை மணி நேரச் சுருள்களாக நீள்கிறது. முதல் சுருளில் எல்லோரும் பாடப்புத்தகம் போலப் பேசுகிறார்கள். நான்காவது, ஐந்தாவது சுருளுக்கு வரும்போது, பொதுவாகச் சொல்வதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், மரவள்ளிக்கிழங்கை எத்தனை விதமாகச் சமைத்தார்கள், ஜப்பானியக் காவலருக்கு எவ்வளவு தாழக் குனிந்து வணங்க வேண்டியிருந்தது என்ற இடத்துக்குத் தாமாகவே இறங்கி வந்துவிடுகிறார்கள்.

ஒரு விஷயம் மனத்தை உறுத்தியது. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையின் நீளம் சுமார் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு, தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கல்லறை வரிசையும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் இறந்தவர் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுகள்தாம் இருக்கின்றன. பெயர் எழுதி வைக்க அவர்களுக்கு ஒரு ராணுவம் இல்லை. ஆகவே அவர்களைப் பொறுத்தவரை, பிழைத்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் உட்கார்ந்து பேசிய பேச்சே பெருமளவுக்கு ஆவணம். வாய்மொழியை ஆவணங்களுக்கு ஒரு துணைச்சான்று என்று மட்டும் கருதும் வரலாற்று நண்பர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

11 பிப்ரவரி

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். ஐயாவின் அடுக்குமாடி புளோக்கே அமைதியாக இருந்ததால் பதிவுக்கு வசதியாகப் போயிற்று. மேசையில் கை படும் ஓசை பதிவாகாமல் இருக்க, மடித்த துண்டின்மேல் கருவியை வைத்தோம். ஐயா அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது ஓடுதாம்மா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றதும் குரலைச் சற்று உயர்த்திக்கொண்டார்.

போரைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினார். ஜொகூர்த் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன சித்தப்பா திரும்பவில்லை. "மூணு மாசத்துல வந்துடலாம்னு சொல்லித்தான் லாரியில ஏத்துனாங்க." அவருக்காகச் சித்தி எடுத்து வைத்திருந்த வேட்டியை, துணியே கிடைக்காத 1944இல் இரண்டாகக் கிழித்துத் தமக்கும் தம்பிக்கும் கொடுத்ததைச் சொன்னபோது, இரண்டு கைகளாலும் காற்றில் கிழித்துக் காட்டினார்.

1943 ஜூலையில் பாடாங் கூட்டத்துக்கு அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போனதாகவும், நேதாஜி தமிழில் பேசியதைத் தம் காதால் கேட்டதாகவும் உறுதியாகச் சொல்கிறார். சுபாஷ் சந்திர போஸ் பேசியது இந்துஸ்தானியில். கூட்டங்களில் அதைத் தமிழில் ஒருவர் எடுத்துச் சொல்வார். எண்பது ஆண்டுகளில் அந்த மற்றவர் ஐயாவின் நினைவிலிருந்து மறைந்துபோய், அவருடைய குரல் மட்டும் தலைவரின் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த நண்பர் திருத்த வாயெடுத்தார்; நான் கண்ணைக் காட்டித் தடுத்தேன். குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். ஒரு தலைவரின் செல்வாக்கு தோட்டத்துப் பையன் வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை இந்தப் பிழையே எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

கடைசியில் சங்கத்துக்கு வந்தோம். அது நான்கு நிமிடம். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார். அதற்கப்புறம் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசினார்.

15 பிப்ரவரி

முழுமைத் தற்காப்பு தினம். மாலை 6.20க்கு அபாயச் சங்கு ஒலித்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

1942இல் இதே நாளில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குக் காலையில் போயிருந்தேன். 2017இல் புதுப்பித்தபோது அந்தக் காட்சிக்கூடத்துக்கு 'சியோனான் காட்சிக்கூடம்' என்று பெயர் வைத்து, ஆக்கிரமிப்பாளன் நம் தீவுக்கு இட்ட பெயரையா சூட்டுவது என்று மக்கள் கொதித்ததும், அமைச்சர் மன்னிப்புக் கேட்டு இரண்டே நாளில் பெயரை மாற்றியது நினைவுக்கு வந்தது. போரின் நினைவுக்காக இங்கே உரக்கச் சண்டை போடலாம். அரசும் காது கொடுக்கும். எதிரி வெளியிலிருந்து வந்தவன், தோற்றும் போனவன். 1963இல் யார் பக்கம் நியாயம் என்ற கேள்வி அப்படியில்லை. ஐயா மூன்று மணி நேரத்தையும் நான்கு நிமிடத்தையும் பிரித்த விதத்தை அங்கே நின்றபோது நன்றாகவே புரிந்துகொள்ள முடிந்தது.

20 பிப்ரவரி

அதிகாரத்தில் இருந்தவர்களின் நேர்காணல்கள் வேறு ரகம். பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்ட் 1977இல் முன்னாள் அமெரிக்க அதிபர் நிக்சனை 28 மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தார். அதிபர் செய்தால் அது சட்டவிரோதமாகாது என்ற அந்தப் பெயர்பெற்ற பதில், தயாரித்து வந்த அறிக்கையாக இருந்திருந்தால் ஒருநாளும் வெளிவந்திருக்காது. உள்ளூரில் டேவிட் மார்ஷல் தந்த வாய்மொழிப் பதிவு எனக்கு மிகவும் பிடித்தது. 1955இல் முதலமைச்சராகி, தன்னாட்சிக்கான லண்டன் பேச்சுவார்த்தை முறிந்ததால் 1956இல் பதவி விலகியவர் அவர். தோற்றவர் பேசும்போது காதுக்குச் சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் அவரும் வழக்கறிஞர், தமக்காக வாதாடத் தெரிந்தவர் என்பதை மறந்துவிடக்கூடாது. ஆட்சியில் இருந்தவருக்கும் எதிர்த்தவருக்கும் நேரத்தைச் சமமாகக் கொடுத்துவிட்டால் போதும் என்று நம் குழுவில் சிலர் நினைக்கிறார்கள். ஒருவர் இத்தனை ஆண்டுகளாக மேடையில் சொல்லிப் பழகிய கதையைச் சொல்கிறார். இன்னொருவர் அதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. இருவருக்கும் ஒரே அளவு நேரம் எப்படிப் போதும்?

25 பிப்ரவரி

மறுபடியும் ஐயா வீடு. இந்த முறை சங்கம், கைது, அரசியல் என்ற சொற்களையே எடுக்காமல், தளத்துக்குக் காலையில் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். சைக்கிளில் என்றார். வாயிலில் அடையாள அட்டையைக் காட்டுவது, சைக்கிள் கொட்டகை, அங்கே யாருடைய வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்று போய்க்கொண்டிருந்த பேச்சு, கேட்காமலேயே அந்த நாளுக்கு வந்து நின்றது. சந்தா வசூலித்துக்கொண்டிருந்த சக ஊழியர் ஒருவரின் சைக்கிள் கொட்டகையிலேயே நின்றது. அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று காதோடு காதாகச் செய்தி வந்தது. அதை யாரும் தொடவில்லை. தொட்டால் அவருக்கு வேண்டியவர் என்று ஆகிவிடும். ஒரு வாரம் கழித்து, இருட்டிய பிறகு, ஐயா தம் வண்டியை விட்டுவிட்டு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அவர் வீட்டில் விட்டுவிட்டு, நடந்தே வந்திருக்கிறார். "சங்கத்துல நான் ஒண்ணும் பெருசா செய்யலைம்மா. வண்டியக் கொண்டுபோய் விட்டேன், அவ்வளவுதான்." அந்த வீட்டம்மா கதவைப் பாதிதான் திறந்தாராம், அவரை யாரென்று தெரியாததுபோலவே வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டாராம்.

இதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. மருமகள் காப்பி கொண்டுவந்தார்.

3 மார்ச்

அனுமதிப் படிவம். வாய்மொழிப் பதிவில் பேசியவருக்கு உள்ள உரிமை முக்கியமானது: உடனே யாரும் கேட்கலாம், அனுமதி பெற்றுக் கேட்கலாம், குறிப்பிட்ட காலம் வரை மூடி வைக்கலாம். மகனுக்குச் சங்கப் பகுதியை அழித்துவிட வேண்டும் என்பது விருப்பம், "அப்பா வயசுக்கு இதெல்லாம் தேவையா டீச்சர்?" என்றார். அவர் அக்கறையில் குறை காண மாட்டேன். ஆனால் பேசியவர் அப்பா. போர்ப் பகுதியை இப்போதே திறந்துவிடலாம், மற்றதைத் தம் காலத்துக்குப் பிறகு திறக்கலாம் என்று ஐயா முடிவு செய்து, இரண்டு இடத்திலும் நிதானமாகத் தமிழிலேயே கையெழுத்துப் போட்டார்.

மூடிய பகுதிக்கும் பட்டியலில் ஒரு வரி விவரம் தர வேண்டும். 'கடற்படைத் தள வேலை அனுபவங்கள்' என்று மட்டும் போட்டால் வம்பில்லை என்று நண்பர் சொன்னார். 'தொழிற்சங்க வாழ்க்கை, 1963 கைது நடவடிக்கை' என்று எழுதி ஐயாவிடம் வாசித்துக் காட்டினேன். சரி என்றார். அந்த ஆண்டையாவது எடுத்துவிடலாமே என்று நண்பர் திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.