எட்டு மில்லிமீட்டர்

2025 மார்ச்சில் ஒரு நாள், ஒரே செய்தி பதினேழு பேரிடமிருந்து என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. ஜப்பானில் தண்டுவடம் அடிபட்ட ஒருவர் எழுந்து நின்றுவிட்டாராம். முதலில் அனுப்பியவர் அத்தான். "மாப்பிள்ளை, பாத்தியா? கெளம்பு!" என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக: நான் விழுந்தது 2014 ஜூனில். மாடிப்படி அறைக்கு மேலே இருக்கிற தண்ணீர் டேங்கில் மிதவை சிக்கிக்கொண்டு தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சரிசெய்ய ஏறினேன். பாசி. அவ்வளவுதான். டி10, அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது, நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு குண்டூசியை வைத்துக்கொண்டு காலிலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். "இங்க? இங்க?" தொப்புள் வந்தபிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. ஃபைலில் 'ஏ' என்று எழுதினார். முதல் மார்க் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். முழுச்சேதம் என்று அர்த்தம். நல்ல நிலைமைக்குத்தான் 'ஈ'.

நான்கு மாதம் கழித்து, அக்டோபரில், அத்தான் சட்டைப் பையில் ஒரு பேப்பர் துண்டை மடித்து எடுத்துவந்தார். போலந்து தீயணைப்பு வீரர் டேரக் ஃபிடிகாவின் கதை. 2010-இல் முதுகில் கத்திக்குத்து வாங்கி, மார்புக்குக் கீழே செயலிழந்தவர். 2012-இல் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் பாவெல் தபாகோவ் என்ற அறுவை மருத்துவரின் குழு அவருடைய மண்டையைத் திறந்து, வாசனையை உணரும் இரண்டு குமிழ்களில் ஒன்றை வெளியே எடுத்தது. அதிலிருந்த ஒருவகைச் செல்லை ஆய்வகத்தில் வளர்த்து, இரண்டு வாரம் கழித்து முதுகில் வைத்தது.

ஏன் மூக்குச் சமாச்சாரம்? முகர்வு நரம்பு மட்டும் சாகும்வரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. புதிதாக முளைக்கிற நரம்பிழையைக் கையைப் பிடித்து மூளைவரை கூட்டிப்போய் விடுவதற்கென்றே கூட ஒரு செல் இருக்கிறது. தண்டுவடத்தில் அப்படி ஆள் கிடையாது. அடிபட்ட இடத்தில் தழும்பு மூடிக்கொள்ளும், இழைகள் தாண்டாது. அந்த வழிகாட்டியைக் கொண்டுபோய் முதுகில் விட்டால் என்ன என்று லண்டன் பேராசிரியர் ஜெஃப்ரி ரைஸ்மன் பல வருஷம் எலிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிடிகாவுக்குப் போட்டது ஒரு சொட்டுதான். சுமார் 5 லட்சம் செல், கிட்டத்தட்ட 100 நுண் ஊசிகளில். வெட்டுப்பட்ட இடைவெளி 8 மில்லிமீட்டர். அதற்குப் பாலமாக அவருடைய கணுக்காலிலிருந்து எடுத்த நான்கு நரம்புத் துண்டுகள்.

அத்தான் தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். "எட்டு மில்லின்னா இவ்ளோதான் மாப்பிள்ளை. இதத் தாண்டத்தான் இவ்ளோ பாடு."

ஆறு மாதத்தில் ஃபிடிகா காலில் தாங்கி கட்டிக்கொண்டு, கம்பிகளைப் பிடித்தபடி முதல் அடி வைத்தார். இரண்டு வருஷத்தில் வாக்கரோடு வெளியே நடந்தார். நான் திரும்பத் திரும்பப் படித்தது அதை இல்லை. ஒரு மூலையில் ஒரு வரி இருந்தது: சிறுநீர், மலம் வருகிற உணர்வு ஓரளவு திரும்பியது. அம்மா பக்கத்தில் என் சிறுநீர் ட்யூப் பையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தத் துண்டையே என் டாக்டரிடம் காட்டினேன். அவர் என் எம்ஆர்ஐ ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "அவருக்கு வயரை வெட்டின மாதிரி. உங்களுக்கு மிதிபட்ட வாழைப்பழம். அதோட, அது ஒரே ஒரு ஆள்." அப்போது அவர்மேல் கோபம் வந்தது. ஃபிடிகா ஒரு நாளைக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் பயிற்சி செய்தவர் என்பதையும் நான் கவனிக்கவில்லை. 2016-இல் அந்தக் குழுவே அடுத்த ஆட்களைத் தேடியபோது, தண்டுவடம் முழுசாகத் துண்டானவர்களைத்தான் கேட்டது. டாக்டர் சொன்னது சரிதான்.

ஆனால் 2015-லேயே நான் முட்டாள்தனம் பண்ணி முடித்திருந்தேன். வெளிமாநிலத்தில் ஒரு மருத்துவமனை. ஸ்டெம் செல் வைத்தியம், அதாவது வேறுவகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல்லைப் போடுவது. பேர் வேண்டாம். மூன்றரை லட்சம், அக்காவின் நெக்லஸ் உட்பட. இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து, ஒரு இயந்திரத்தில் சுற்றவிட்டு, அன்று மதியமே முதுகில் ஊசியாகப் போட்டுவிட்டார்கள். போடும்முன் குண்டூசி சோதனை இல்லை, போட்டபின்னும் இல்லை. பத்தாம் நாள் காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) மாட்டிக் கம்பிகளுக்கு நடுவில் நிற்கவைத்து வீடியோ எடுத்தார்கள். 'பத்து நாளில் நடை!' என்று அது அவர்கள் பக்கத்தில் வந்தது. அந்தக் காலிபர் நான் ஊரிலிருந்து கொண்டுபோனது. அதில் நான் நிற்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

என் உடம்பில் எதுவும் மாறவில்லை. கெடுதலும் வரவில்லை, அந்தமட்டில் தப்பித்தேன். போர்ச்சுகலில் மூக்குச் சவ்வை அப்படியே முதுகில் ஒட்டிக்கொண்ட ஒரு அமெரிக்கப் பெண்ணைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். என்னைப் போலவே டி10 பக்கம் அடி. எட்டு வருஷம் கழித்து முதுகுவலி என்று பார்த்தால், அந்த இடத்தில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. உள்ளே மூக்குச்சளி மாதிரிக் குழம்பு. மூக்குச் செல் முதுகிலும் தன் வேலையைப் பார்த்திருக்கிறது!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில், இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் வைத்தியம் எதையும் அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே செய்யக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்கச் சொல்வது, "இது ஆய்வா? அப்புறம் எதுக்குக் காசு?"

சரி, ஜப்பானுக்கு வருவோம். டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகம், ஹிதேயுகி ஒகானோ, மசாயா நகாமுரா ஆகியோரின் குழு. வேறொருவரின் செல்லைக் கருநிலைக்குத் திருப்பி, அதிலிருந்து நரம்பு முன்னோடிச் செல்களை உருவாக்கி, ஆளுக்கு 20 லட்சம் செலுத்தியிருக்கிறார்கள். முதல் ஆளுக்கு 2021 டிசம்பரில். மொத்தம் நான்கு பேர், எல்லோரும் என்னைப் போல 'ஏ'. ஒருவர் 'டி'க்கு வந்து தாங்கல் இல்லாமல் நின்று, நடக்கப் பழகுகிறார். ஒருவர் 'சி'. மற்ற இருவரும் 'ஏ'யிலேயே இருக்கிறார்கள். பெரிய பக்கவிளைவு இல்லை. இந்த முதல் கட்டத்தில் முக்கியமாகப் பார்க்க நினைத்ததும் அதைத்தான்.

ஊசியே போடாமல் 'ஏ'யிலிருந்து தானாக மேலே வருகிறவர்களும் உண்டு, அதுவும் முதல் வருஷத்தில். அதனால் செல் போடாத ஆட்களோடு ஒப்பிடாமல் எது செல்லின் வேலை, எது உடம்பின் வேலை என்று பிரிக்க முடியாது. எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. நான்கில் இருவர் என்பதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி தூங்கவில்லை. ஆனால் பதினேழு பேரில் ஒருவரும் படிக்காத வரி ஒன்று இருந்தது: அடிபட்ட 14 முதல் 28 நாளுக்குள் செல் போடவேண்டும். அதற்குப் பிறகு தழும்பு இறுகிவிடும்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என் போனில் அலாரம் அடிக்கும். கையைக் கழுவி, கதீட்டர் குழாயை நானே போட்டு, சிறுநீரை எடுத்துவிட வேண்டும். ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் அமர் சேவா சங்கத்தில் கற்றுக்கொண்டது. 1981-இல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், கடற்படை ஆள்தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தவர். ட்யூப் பை போய் அலாரம் வந்த பிறகுதான் நான் டிடிபி கடை திறந்ததே. நடையைத் தரட்டுமா, அலாரத்தை நிறுத்தட்டுமா என்று எந்தச் செல்லாவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

அன்று இரண்டு மணி அலாரத்தை முடித்துவிட்டு அத்தானுக்குப் பதில் போட்டேன்: "28 நாளுக்குள்ள போகணுமாம் அத்தான்."

கொஞ்ச நேரம் டைப் செய்துகொண்டே இருந்தார். அப்புறம் வந்தது: "நாம பத்தே முக்கால் வருஷம் லேட்டு மாப்பிள்ளை. அடுத்த வண்டி எப்பன்னு கேளு."