28 மணி நேரம்

2013இல் நியூ ஜெர்சியின் எடிசனில் ஓர் உணவு நிறுவனத்துக்குச் சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாண விருந்து, கோயில் விழா, அலுவலக மதிய உணவு என எல்லாவற்றுக்கும் சமைத்து அனுப்புகிற இடம். ஊழியர்கள் ஐம்பதுக்குச் சற்று மேல். அந்தச் சற்று மேல்தான் வினை. ஒபாமா கொண்டுவந்த சட்டப்படி 50 முழுநேர ஊழியர்களுக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள் 2014 முதல் அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தர வேண்டும், இல்லையென்றால் அபராதம். வாரம் 30 மணி நேரம் உழைத்தாலே முழுநேரக் கணக்கு.

மே மாதம் முதலாளி என்னை அழைத்து, அட்டவணையில் 36 என்று இருந்த இடத்திலெல்லாம் 28 என்று மாற்றச் சொன்னார். மாற்றிய கை என்னுடையது. அப்படிக் குறைந்தவர்களில் ஒருவர் கும்பகோணத்துக்காரர். தோசைக்கல்லில் நிற்பவர், மனைவியை இழந்தவர், சர்க்கரை நோயாளி. மணிக்குப் பத்து டாலர் கூலி. "மாத்திரைக்கு வைத்திருந்த காசு போய்விடுமே தம்பி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்க்கிழமை மாலை. இன்னும் இரண்டு நாளில் சுதந்திர தினம், ஊரே விடுமுறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். நிதித்துறை தன் வலைப்பதிவில் ஒரு குறிப்பைப் போட்டது: முதலாளிகள் மீதான கட்டாயம் 2015க்குத் தள்ளிவைக்கப்படுகிறது. மறுநாளே முதலாளியிடம் போய், பழைய நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றேன். "தள்ளித்தானே போயிருக்கிறது, ரத்தாகவில்லையே" என்றார்.

அதே சட்டத்தில், எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று தனிமனிதர்கள் மீதும் ஒரு கட்டாயம் இருந்தது. அது மட்டும் தள்ளிப்போகவில்லை. 2014இல் காப்பீடு இல்லாதவருக்கு 95 டாலர் அல்லது வருமானத்தில் 1 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது அபராதம். குடியரசுக் கட்சியினர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனிக்கு ஓராண்டு விடுப்பு, சாதாரண ஆளுக்குக் கிடையாதா? ஜூலை 17 அன்று பிரதிநிதிகள் சபை இரண்டையும் ஒத்திவைக்க வாக்களித்தது: முதலாளிகளுக்கு 264-161, தனிமனிதர்களுக்கு 251-174. நான் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவன். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

தைத்தாலும் ஒப்பவில்லை. நோய் இருக்கிறதென்று யாரையும் மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டிப்போட்டுவிட்டு, எல்லோரும் சேர வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டால், காய்ச்சல் வந்த பிறகுதான் ஆள் வருவார். எங்கள் மாநிலம் 1990களில் இதைத்தான் செய்தது. ஆரோக்கியமானவர்கள் நழுவினார்கள், பிரீமியம் ஏறியது, மேலும் பலர் நழுவினார்கள். பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே காப்பீடு கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. அங்கே ஓராண்டு தாமதித்தால் கூரை இடிந்துவிடாது. இந்த விளக்கத்தை வாஷிங்டன் அந்த வலைப்பதிவுக் குறிப்பிலேயே சொல்லியிருக்கலாம்.

அக்டோபரில் இந்தச் சண்டையிலேயே அரசாங்கம் 16 நாள் முடங்கியது. அடுத்த ஆண்டு இன்னொரு வேடிக்கை. ஒத்திவைக்க வாக்களித்த அதே சபை, ஒத்திவைத்ததற்காக ஒபாமா மீது வழக்குப் போடத் தீர்மானம் நிறைவேற்றியது. எங்களைக் கேட்காமல் எப்படித் தள்ளிவைக்கலாம் என்பது வாதம். சட்டப்படி அதில் நியாயம் இருக்கலாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

தோசைக்கல்காரருக்கு 2014இல் மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு, கிடைத்தது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். 36 மணி நேரக் கூலி இருந்திருந்தால் வருமான வரம்பைத் தாண்டியிருப்பார். முதலாளி மிச்சம் பிடித்ததை அரசாங்கம் கட்டியது.

அதே ஆண்டு பிப்ரவரியில், 50 முதல் 99 ஊழியர்கள் வரை உள்ளவர்களுக்கு 2016 வரை மறுபடியும் தவணை. ஒரு நிபந்தனை: இந்தச் சலுகைக்காக 2014 பிப்ரவரி 9 முதல் ஆண்டு முடிவு வரை ஆட்களையோ வேலை நேரத்தையோ குறைத்திருக்கக் கூடாது. காப்பீடு பற்றி வரித்துறைக்கு முதலாளிகள் அனுப்பும் 1094-சி படிவத்தில் அதற்கான கட்டத்தில் குறியிட்டு முதலாளியிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். பொய் ஒன்றும் இல்லை. நாங்கள் குறைத்தது 2013 மே மாதத்தில்.