ஃபிரேம் ரேட் 24 என்று முதல் நாளே எழுதிவையுங்கள்: எங்கள் விஸ்காம் புராஜெக்ட் அனுபவம்

போன வாரம் ரிசல்ட் வந்துவிட்டது. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி செமஸ்டர் குறும்பட புராஜெக்டில் நாங்கள் நாலு பேரும் தேறிவிட்டோம். நினைத்த மார்க் வரவில்லை. ஆனால் படமே முடியாது என்று ஒரு ராத்திரி அழுதவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஞாபகம் இருக்கும்போதே எழுதுகிறேன். ரெக்கார்ட், ரிவ்யூ தேதிகள் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

எங்கள் கதை கிரிம் சகோதரர்களின் ஹான்சல், கிரெட்டல். காட்டில் விடப்படும் அண்ணனும் தங்கையும், தின்பண்டத்தால் கட்டிய சூனியக்காரி வீடு. அதைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆத்தங்குடித் தரைக்கல்லின் மேல் காகிதப் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனிப் படமாக எடுத்துச் சேர்க்கும் ஸ்டாப் மோஷன். நடுநடுவே கானாடுகாத்தான் பக்கத்து வீடொன்றின் வளவில் (உள்முற்றத்தில்) உட்கார்ந்து, கொட்டான் என்ற ஓலைக் கூடை பின்னிக்கொண்டே ஆச்சி ஒருவர் கதை சொல்லும் நேரடிக் காட்சி. அண்ணன் வழியெல்லாம் போட்டுப்போகும் வெள்ளைக் கூழாங்கல்லுக்குப் பதிலாகப் பல்லாங்குழிச் சோழி. சூனியக்காரி வீட்டுக்கு அதிரசக் கூரை, தேன்குழல் ஜன்னல், சீப்புச்சீடைச் சுவர்.

வேலையை நாலாகப் பிரித்து, நாலு லேப்டாப்பில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பை ஏற்றினோம். ஃபிரேம் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம், என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நாங்கள் செய்த பெரிய தப்பு அதுதான். மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

நான் 24இல் வெட்டினேன். பொம்மைக் காட்சி 25இல் இருந்தது. ஆச்சியைப் போனில் எடுத்தவன் 30இல் எடுத்திருந்தான். அதுவும் நிலையான 30 இல்லை. பெரும்பாலான போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். வளவில் வெயில் ஏறி இறங்க, அதுவும் மாறியிருக்கிறது. ஆச்சி பேசியது நாலு நிமிட ஒரே டேக். தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தியிருந்தன. மூன்றாவது நிமிடத்தில் வாய் ஒன்று சொல்ல, காதில் வேறொன்று விழுந்தது. திரும்ப எடுக்கலாம் என்றால் ஆச்சி மகன் வீட்டுக்குச் சென்னை போய்விட்டார்.

பொம்மைக் காட்சியில் இன்னொரு கோளாறு. வினாடிக்கு 12 படம் என்று எடுத்திருந்தோம். 24இல் வைத்தால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு ஃபிரேம் நிற்கும். 25இல் வைத்தால் பதினொரு படம் இரண்டு ஃபிரேம், ஒரு படம் மட்டும் மூன்று. பொம்மை நடக்கும்போது வினாடிக்கு ஒருமுறை லேசாகத் தட்டும். எங்கள் கண்ணுக்குப் பழகிவிட்டது. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டார். இரண்டு ஷாட்டில் அது அப்படியே மிச்சம் இருந்தது.

எங்களிடம் இருந்த ரிசால்வ் பதிப்பில், ஃபுட்டேஜ் உள்ளே வந்த பிறகு புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியவில்லை. புதிய புராஜெக்ட் தொடங்கி, போன் ஃபுட்டேஜ் முழுவதையும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றி, எல்லா வெட்டையும் மறுபடி போட்டோம். ஆறு நாள் போனது. கலர் கரெக்‌ஷனுக்கு வைத்திருந்த நாட்கள் அவை.

அதனால் சொல்கிறேன்: கதை முடிவாகும் முன்பே 24 என்று ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம், அதில் 24 தேர்ந்தெடுக்கலாம். உங்கள் போனில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் எடுத்த அன்றைக்கே ஹேண்ட்பிரேக்கில் மாற்றிவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும்.

மற்றவை:

- முழுப் படத்தையும் கோர்க்கும் மெயின் டைம்லைனை ஒருவர் மட்டும் திறக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் சீனை முடித்துக் கொடுக்கட்டும். எனக்குத் தனியாக உட்கார்ந்தால்தான் வேலை ஓடும், அதனால் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கூடி உட்கார்ந்து வெட்டுவது எனக்குச் சரிப்படவே இல்லை.
- நாலு லேப்டாப்பிலும் ஃபோல்டர் பெயர்கள் ஒரே மாதிரி. இல்லாவிட்டால் 'மீடியா ஆஃப்லைன்' சிவப்புத் திரைதான்.
- வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.
- குரலை முதலில் முடிவுசெய்யுங்கள். படத்தைக் குரலுக்கு வெட்டலாம், குரலைப் படத்துக்கு இழுக்க முடியாது.

ஸ்டாப் மோஷன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களுடையது 70 வினாடி, அதாவது 840 படம். வளவில் பகல் வெளிச்சத்தில் தொடங்கினோம். வெயில் நகர நகரப் படம் மினுங்கியது. இரவுக்கு மாறி, இரண்டு எல்இடி பல்பு வைத்து, போனில் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) மாறாதபடி பூட்டிய பிறகுதான் நின்றது. ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் ஊற்றி வார்ப்பது, அதனால் நல்ல பளபளப்பு. நேர் மேலிருந்து எடுத்தால் போனே அதில் தெரியும். கொஞ்சம் சாய்த்து எடுங்கள். அதிரசக் கூரைக்கு இரண்டாம் இரவே எறும்பு வந்துவிட்டது. ஒரே ராத்திரியில் முடிகிற அளவுக்குப் பலகாரக் காட்சியைத் திட்டமிடுங்கள்.

வீட்டு அனுமதியும் லேசில்லை. இங்கே பல வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொது. ஒருவர் சரி என்றால் போதாது, சாவி வைத்திருப்பவரிடம் மட்டும் பேசிவிட்டுப் போகாதீர்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னைக் காப்பாற்றியது ஆச்சிதான். கதையைப் படித்துக் காட்டியபோது அவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். "பெத்தவ எப்படி ஆத்தா பிள்ளையைக் காட்டுல விட்டுட்டு வருவா? நான் சொல்ல மாட்டேன். சின்னாத்தான்னு வச்சுக்குவோம்" என்றார். அப்படியே எடுத்தோம். மூலத்தை ஏன் மாற்றினீர்கள் என்று எக்ஸ்டர்னல் கேட்டார். 1812 முதல் பதிப்பில் பெற்ற தாய்தான் என்பதையும், 1840 பதிப்பில் கிரிம் சகோதரர்களே அவளை மாற்றாந்தாய் ஆக்கியதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆச்சி வரும் பகுதியை மட்டும் மறுபடி போடச் சொன்னார். உதடும் குரலும் பொருந்தும்படி சிங்க் சரிசெய்த பகுதி அது. மூன்றாவது நிமிடம் தாண்டும்வரை நான் திரையைப் பார்க்கவில்லை, ஆச்சி குரலை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.