எட்டடியை இரண்டு நாலடியாகப் பிரித்தல்: சரிவான காணியில் வீடு

திருகோணமலையில் உவர்மலைப் பக்கமாகத் துறைமுகத்தை நோக்கிச் சரியும் காணியை வாங்கியவர்கள் வீட்டுப் படம் வரைவதற்கு என்னிடம் வரும்போது, அநேகமாக எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, பெக்கோவை விட்டு வெட்டி மட்டமாக்கிப் போட்டுக் கட்டுவம்." மட்டமான வளவுகளிலேயே வாழ்ந்து பழகியவர்களுக்கு அது இயல்பான எண்ணம். ஆனாலும் பெக்கோவைக் கூப்பிடுவதற்கு முன் காணியின் குறுக்குவெட்டை, அதாவது நிலம் ஏறும் விதத்தைப் பக்கவாட்டில் காட்டும் கோட்டுப் படத்தை, ஒரு தாளில் வரைந்து பார்ப்போம் என்று நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்திக் கேட்கிறேன். சரிவில் கட்டப்படும் வீட்டின் செலவும் பாதுகாப்பும் அந்தத் தாளிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன.

குறுக்குவெட்டுக்கு வேண்டிய அளவை எடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. என்னோடு வேலை செய்யும் மேசனார் ஒருவர் உள்ளே தண்ணீர் தெரியும் நீளமான குழாயைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் மட்டம் பிழைத்துவிடும் என்பதால், அவர் அதை முழுநீளத்துக்கும் விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழிகளை மேலே ஏற்றி வெளியே விடுவார். தண்ணீர் ஆடி அடங்கும்வரை ஒரு சொல்லும் பேசாமல் காத்திருந்து, பிறகுதான் தடியில் பென்சிலால் கோடிடுவார். தெருவோரத்திலிருந்து பின்மதில்வரை பத்தடிக்கு ஒரு முளை அடித்து இப்படி அளந்தால், நிலம் எங்கே மெல்ல ஏறுகிறது, எங்கே திடீரென்று எழும்புகிறது என்பது தெளிவாகிவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். தெருவிலிருந்து பின்னோக்கி ஐந்தடிக்கு ஓரடி வீதம் ஏறும் காணியில், 40 அடி ஆழமும் 30 அடி அகலமும் கொண்ட வீடு ஒன்று கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முழுவதையும் முன்பக்க மட்டத்துக்கு வெட்டினால் பின்பக்கத்தில் 8 அடி உயரமான வெட்டுச் சுவர் நிற்கும். வெட்டி எடுக்கும் மண் 48 கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி) வரும். அதே வீட்டை 20 அடி ஆழமான இரண்டு பகுதிகளாகப் பிரித்து, பின்பகுதியை 4 அடி உயர்த்தி அமைத்தால், ஒவ்வொரு பகுதியின் பின்னாலும் 4 அடி வெட்டு மட்டுமே இருக்கும். மண்ணும் 24 கியூபாக, அதாவது சரிபாதியாகக் குறைந்துவிடும். வெட்டிய மண் இளகிப் பெருகும் என்பதால், ஏற்றிக்கொண்டு போகும் லொறிக் கூலியில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஆனால் மண் கூலியைவிட என் மனத்தை உறுத்துவது வெட்டிய மண் சரியாமல் பிடித்து நிற்கும் தாங்கு சுவர்தான். மண்ணின் அழுத்தம் ஆழத்தோடு கூடிக்கொண்டே போவதால், சுவரைத் தள்ளும் மொத்த விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், அதைக் கவிழ்க்கும் திருப்பம் உயரத்தின் மும்மடிக்கு ஏற்பவும் பெருகும். 4 அடிச் சுவரை 8 அடியாக உயர்த்தினால், தள்ளுவிசை நான்கு மடங்காகும். கவிழ்க்கும் திருப்பம் எட்டு மடங்காகும். எனவேதான் உயரத்தைப் பங்கிட்டுவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இரண்டு தாங்கு சுவர்கள் மிக நெருக்கமாக நின்றால் மேற்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் முதுகில் ஏறும். அவற்றுக்கிடையே கீழ்ச்சுவரின் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரமாவது இருப்பது நல்லது. நம் உதாரணத்தில் அந்தத் தூரம் 20 அடி. அந்த இடைவெளிதான் வீட்டின் அறைகள். அப்படியிருந்தும் நடுச்சுவர் வீட்டின் பாரத்தையும் மண்ணின் தள்ளுதலையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருப்பதால், அதன் கம்பி விபரத்தைக் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரே கணித்துத் தர வேண்டும். வெறும் புளொக் கல் மதிலாக அதை எழுப்பவே கூடாது.

சுவருக்கு மண்ணைவிடப் பெரிய எதிரி தண்ணீர். நமது மாவட்டத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த மாதங்களில் சரிவு முழுவதும் நீர் ஊறிக் கீழிறங்கும். சுவரின் பின்னால் 4 அடிக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் ஏறத்தாழ 225 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசையோடு தண்ணீர் மட்டுமே தள்ளும். 8 அடிக்குத் தேங்கினால் அது 900 கிலோகிராமாகும். ஆகவே சுவரின் மண்பக்கத்தில் ஓரடி அகலத்துக்கு முக்கால் அங்குலச் சல்லியை அடிமுதல் நிரப்பி, அடியில் துளையிட்ட குழாயைச் சாய்வாகப் பதித்து, நீரை வீட்டின் பக்கவாட்டால் வெளியே கொண்டுபோக வேண்டும். பின்புறச் சுவருக்கு மேலே குறுக்காக ஒரு சீமெந்து வாய்க்கால் வெட்டிவிட்டால், மேற்காணிகளிலிருந்து ஓடிவரும் நீர் சுவரையே தொடாது. அந்த நீரைக் கீழ்வீட்டுக்காரரின் மதிலடியில் கொண்டுபோய் விட்டுவிடாமல் தெரு வடிகால்வரை கொண்டு சேர்ப்பது நம் கடமை. ஈரத்தடுப்புப் பூச்சும் மண்பக்கத்திலேயே, மண் நிரப்புவதற்கு முன்பே பூசப்பட வேண்டும்; பின்னர் அறைக்குள்ளிருந்து எத்தனை பூச்சுப் பூசினாலும், சுவருக்குள் வந்துவிட்ட ஈரம் அதை உரித்துத் தள்ளிவிடும்.

இரண்டு மட்டங்களுக்கும் இடையிலான 4 அடியை 6 அங்குலப் படிகள் எட்டில் ஏறிவிடலாம். முழு மாடிக்கு ஏறுவது போன்ற களைப்பு இதில் இல்லை. விறாந்தையில் இருப்பவரும் மேல் மட்டத்தில் படிக்கும் பிள்ளையும் ஒருவர் குரலை ஒருவர் கேட்கலாம். இருந்தாலும் வயதானவர்கள் உள்ள குடும்பத்துக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு என்பதை நான் மறைப்பதில்லை. சக்கர நாற்காலிக்கு வேண்டிய ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வில் 4 அடி ஏறுவதற்கு 48 அடி நீளமான சாய்தளம் வேண்டும். அது வீட்டைவிட நீளமானது. ஆகவே தெருவிலிருந்து நுழையும் மட்டத்திலேயே ஒரு படுக்கையறை, குளியலறை, குசினி, சாமியறை ஆகியவற்றை அமைத்து, இளையவர்களின் அறைகளை மேல் மட்டத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். "அம்மா படியேறாமல் ஒரு நாளைக் கழிக்க முடியுமா?" என்று நான் வீட்டுக்காரரிடம் கேட்பதுண்டு; முடியாது என்றால் படத்தைத் திருப்பி வரைகிறேன்.

கண்டியில் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைத்த கருணாரத்ன இல்லமும் சரிவான நிலத்தில் எழுந்ததுதான்; சரிவு இந்நாட்டுக் கட்டடக்கலைக்குப் புதிதன்று. ஆனால் மலைநாட்டுப் படத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நமக்குக் கச்சான் காற்று இருக்கிறது. வைகாசி தொடங்கிப் பல வாரங்களுக்கு உலர்ந்து சூடாக வீசும் அந்தக் காற்றில், இரண்டு கூரைகளுக்கும் இடையே கிடைக்கும் உயர வித்தியாசம் பெரும் உதவி: அந்த இடத்தில் சன்னல் துவாரங்களை வைத்தால் உள்ளே தேங்கும் வெப்பம் மேலேறி வெளியே போய்விடும். வடகீழ்ப் பருவ மழை அடிக்கும் திசையைப் பார்த்து அவற்றின்மேல் கூரையை நன்றாக நீட்டிவிட வேண்டும். அதே வேளையில், நீட்டிய விளிம்பைக் காற்று கிளப்பாதபடி கூரை மரங்களைச் சுவரின் கொங்கிறீட் வளையோடு இரும்புப் பட்டியால் கட்ட வேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் இந்தக் கரையைத் தாக்கியது. 2020 இல் புரவிப் புயலும் நம் மாவட்டத்தில்தான் கரையேறியது.

அத்திவாரத்தை எப்போதும் தாழ்ந்த முனையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலேற்றுங்கள். நிரப்பிய மண்ணில் அதை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். மலசலக் குழி வீட்டுக்குக் கீழ்ப்பக்கத்திலும், நம்முடையதோ அயலவருடையதோ எந்தக் கிணற்றுக்கும் தள்ளியும் இருக்க வேண்டும். கீழ் மட்டத்துக் குளியலறையிலிருந்து அதற்குப் போதிய சரிவு கிடைக்கிறதா என்பதையும் முதல்நாள் எடுத்த மட்ட அளவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டு வேலையை மே மாதத்துக்குப் பிறகு தொடங்கி, தாங்கு சுவர், சல்லி, குழாய், மேல்வாய்க்கால் ஆகிய நான்கையும் செப்டெம்பர் முடிவதற்குள் முடித்துவிடுங்கள். கையிற் காசு குறைவாக இருந்தால் கூரையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம். வெட்டிய மண்ணைத் தாங்கு சுவரில்லாமல் ஒக்டோபர் மழைக்குத் திறந்துவிட முடியாது.