வடக்கு எல்லை

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆவணகத்தில் வருகிற தாள்களைப் பிரித்து, இடம், காலம், பொருள் எழுதிப் பதிவது என் வேலை. தாள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அதிலுள்ள இடப்பெயர்தான் தீர்மானிக்கும். அதில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பிரித்தானிய விமானப்படையின் 203ஆம் ஸ்குவாட்ரனில், அதாவது விமான அணியில், இருந்த ஒருவருடைய பேரன் இங்கிலாந்திலிருந்து சில பிரதிகளை அனுப்பியிருந்தார். ஸ்குவாட்ரன்கள் மாதாமாதம் எழுதிய பதிவேடுகள் அவை. மூலம் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. படிவம் 540இல் அந்த மாதத்து நடப்பு. 541இல் எந்த விமானம், யார் யார் போனார்கள், எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கினார்கள் என்ற விபரம்.

இரவில் வீட்டிலும் அதையே வாசித்தேன். 203 பழைய அணி. முதலாம் உலகப் போரில் கடற்படையின் விமானப் பிரிவாக இருந்து, 1918 ஏப்ரல் 1இல் விமானப்படை பிறந்த அன்றே இந்த எண்ணைப் பெற்றது. பிறகு பஸ்ராவில் பறக்கும் படகுகள், ஏடனில் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள். 1944 ஒக்டோபரில் மதுரையில் லிபரேற்றர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்துக்கு மாறி, 1945 பெப்ரவரியில் நம்முடைய யாழ்ப்பாணத்து விமானத் தளத்துக்கு வந்தது. அதற்கு முன் இதே தளத்தில் 160ஆம் ஸ்குவாட்ரன் இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட பிறகு, இலங்கையைச் சுற்றிய கடலைக் காப்பது பிரித்தானியருக்குப் பெரிய கவலையாக இருந்தது. லிபரேற்றருக்கு நான்கு இயந்திரம், 110 அடி இறக்கை. பர்மாக் கரைக்கும் சுமாத்திராவுக்கும் போய் எதிரிக் கப்பல்களைத் தேடுவது 203இன் வேலை. கீழே கடலைத் தவிர ஒன்றுமில்லாத அத்தனை மணி நேரமும் விழித்திருந்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

பதிவேட்டில் தளத்தின் பெயர் காங்கேசன்துறை. நானும் அப்படியே காங்கேசன்துறை என்று எழுதி, துறைமுகக் கோப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஓடுபாதை கிடப்பது அதற்குக் கிழக்கே, பலாலியில். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம், தாளைப் பார்த்த நேரத்தில் தோன்றவில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஓர் ஐயா காணி உறுதிகளைப் பிரதி எடுக்கக் கொண்டுவந்தார். 1990 ஜூனில் பலாலிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது அவருடைய தாயார் சீலைக்குள் சுற்றிக்கொண்டு வந்தவை. நான்கு பரப்புக் காணி, அதாவது கால் ஏக்கர். உறுதியில் வழக்கம்போல நாலு பக்கத்து எல்லையும் எழுதியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய உறுதியில் வடக்கு எல்லைக்கு ஒரு பெண்ணின் பெயர். ஐம்பதுகளில் எழுதிய உறுதியில், அதே காணிக்கு, அதே இடத்தில், "முடிக்குரிய காணி", அதாவது அரச காணி.

இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். பிறகு எழும்பிப் போய் 203இன் கோப்பை எடுத்துவந்தேன்.

"ஐயா, இதுவும் உங்கட காணிக்குப் பக்கத்தில நடந்ததுதான்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். எதிர்ப்புக் காட்டுவாரோ என்று பயந்தேன். அவரோ விமானிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக, மெல்லிய குரலில் வாசித்தார். அந்தப் பெண்ணின் பெயர் இந்தத் தாள்கள் ஒன்றிலும் இல்லை. ஒரு ஸ்குவாட்ரனின் வரலாறு எண்ணும் விமானமும் வீரரும் மட்டுமல்ல, அது ஏறி இறங்கிய நிலமும்தான் என்று நான் நம்புகிறேன். அன்றே 203இன் பதிவைத் திருத்தி, பலாலி என்று முதலில் எழுதி, உறுதிகளின் இலக்கத்தையும் அதிலேயே சேர்த்தேன்.

"அக்கா இருக்கிறா, தொண்ணூறு தாண்டிட்டுது" என்றார் ஐயா. "சண்டை முடிஞ்சு டக்கோட்டா வரத் தொடங்கினாப் பிறகும் அவ சொல்லுவா, இது பாதிச் சத்தம்தான் எண்டு."

1947 டிசம்பர் 10இல் அந்நாளைய இலங்கை விமான நிறுவனமான எயார் சிலோனின் முதற் பறப்பு, இரத்மலானையிலிருந்து இந்த ஓடுபாதைக்கு வந்துதான் சென்னைக்குப் போனது. டக்கோட்டா விமானத்துக்கு இரண்டு இயந்திரம். லிபரேற்றரில் இருந்த அதே குடும்பத்துப் பிராட் அன் விட்னி இயந்திரம். அக்கா சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

541இல் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கித் தரும்படி ஐயா கேட்டார். ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் தெளிவாகத் தெரிகிற பக்கம் வேண்டுமாம்.

"எந்த நேரம் எந்தச் சத்தம் எண்டு அவவுக்கு வாசிச்சுக் காட்டவேணும்."